எல்லை அடைபட்டால் காய், பால், மீன், சோறு: அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே எழுதி வைக்கும் நடைமுறைத் தாள்

எல்லைமண்டி

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி வட்டாரத்து காய்கறி வியாபாரிகளும் பால் சங்கங்களும் சேர்ந்து ஒரு நடைமுறைத் தாள் தயார் பண்றோம். 2020 மார்ச் 25 ஊரடங்கு மாதிரி இன்னொண்ணு வந்து வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு தமிழ்நாடு-கேரளா எல்லைச் சாவடி எல்லாத்துலயும் வண்டி நின்னா என்ன செய்யறதுங்கறதுதான் விஷயம். முதல் வரைவுல மூணு விதி இருக்கு.

ஒண்ணு, தமிழ்நாட்டுலருந்து வர்ற ஒவ்வொரு லாரிக்கும் சரக்கோட சேர்த்து கிருமிநாசினி அடிக்கணும். ரெண்டு, எல்லாக் காயையும் மண்டியிலயே குளோரின் தண்ணில கழுவித்தான் விக்கணும். மூணு, எல்லைல சரக்கை இறக்கி கேரளா வண்டிக்கு மாத்தணும்.

ஒட்டன்சத்திரம், கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கத்துச் சரக்கை நம்பித்தான் பாலக்காடும் திருச்சூரும் சமைக்குது. அதனால தப்பா எழுதிடக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நுண்ணுயிர்_கோவை

மூன்று விதியையும் அடித்துவிட்டு எழுதுங்கள் அண்ணே. கோவிட் வைரஸ் உணவு வழியாகப் பரவியதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2020லேயே சொல்லிவிட்டன. முட்டைக்கோஸ் மேல் ஒட்டிக்கொண்டு வந்து யாரையும் அது படுக்கவைக்கவில்லை. சுமை இறக்க நாற்பது பேர் தோளோடு தோள் உரசி நின்ற இடத்தில்தான் பரவியது. ஆக, தாளில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஆட்கள் நெருங்கி நிற்கும் நேரம், சரக்கு வெயிலில் நிற்கும் நேரம். உங்கள் மூன்று விதியும் இந்த இரண்டையும் கூட்டுகின்றன.

கிருமிநாசினி விஷயம். தரைக்கும் கைப்பிடிக்கும் சொல்லப்பட்டது 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்), அதாவது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு). காய் கழுவ ஆணையம் சொன்னது 50 பிபிஎம். இருநூறு மடங்கு வித்தியாசம். தரைக்கு அடிப்பதை கொத்தமல்லி மேல் அடித்தால் இலை வெந்துபோகும், எச்சம் தின்பவர் வயிற்றுக்குப் போகும். ஓட்டுநரை நிற்க வைத்து மேலே தெளிப்பதை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 18ஆம் தேதி அறிவுறுத்தலிலேயே கூடாது என்றது. டயருக்கு அடிப்பதிலும் ஒரு பயனும் இல்லை. கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங், பின்கதவுக் கொக்கி, தார்ப்பாய் கட்டும் கயிற்று முனை, இவ்வளவையும் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். இரும்பாக இருந்தால் 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், இல்லையேல் துரு பிடிக்கும்.

மண்டியில் காய் கழுவுவதுதான் மூன்றிலும் மோசம். தக்காளியின் உள்சூட்டை விடத் தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருந்தால், காம்பு உதிர்ந்த தழும்பு வழியாகத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டியில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது. ஈரத்தோடு டப்பாவில் அடுக்கினால் மறுநாள் காலையில் அழுகல். கழுவும் வேலை சமையலறையில், வெட்டுவதற்குச் சற்று முன்பு நடக்க வேண்டியது.

லாரிபுக்கிங்

மூணாவது விதிக்கு நான் பதில் சொல்றேன். எல்லைல சரக்கு மாத்தறதுன்னா ஒரு லாரிக்கு ரெண்டு தடவை சுமை. ஒவ்வொரு டப்பாவும் ரெண்டு பேர் கைல கூடுதலா ஏறி இறங்கும், தக்காளி நசுங்கும், ஆட்கள் கூடுவாங்க. அதுக்குப் பதிலா ஓட்டுநரை மட்டும் மாத்தலாம். அதே வண்டி, அதே சரக்கு, இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். சாவி கைமாறும்போது ஸ்டீயரிங்கும் கியரும் துடைக்கணும், கேபின் கண்ணாடி ரெண்டையும் இறக்கி கால் மணி நேரம் காத்தோட விடணும். இன்சூரன்ஸ், பர்மிட், ரெண்டாவது ஓட்டுநரோட லைசென்ஸ் நகல் மூணும் வண்டிலயே இருக்கணும்.

தாள்ல கண்டிப்பா சேர்க்க வேண்டியது காலி வண்டி. 2020ல சரக்கோட போற வண்டிய விட்டாங்க, இறக்கிட்டுத் திரும்பற காலி வண்டிய பல எடத்துல நிறுத்துனாங்க. காலியா திரும்ப முடியாதுன்னா எந்த ஓட்டுநரும் அடுத்த லோடு எடுக்க மாட்டார். சரக்கு தட்டுப்பாட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான்னு நான் சொல்லுவேன். உள்துறை அமைச்சகம் மார்ச் 29ல அத்தியாவசியம், மத்ததுன்னு பிரிக்காம எல்லா சரக்கையும் விடச் சொல்லுச்சு. ஏப்ரல் 15 உத்தரவுல ரெண்டு ஓட்டுநர், ஒரு உதவியாளர், காலி வண்டிக்கும் அனுமதின்னு தெளிவா வந்துது. அந்த ரெண்டு உத்தரவோட நகலை எடுத்து வெச்சுக்கங்க. அடுத்த தடவை கலெக்டர் கிட்ட முதல் நாளே காட்டிக் கேக்க ஒரு முன்மாதிரி வேணுமில்லீங்களா.

வரிசை விஷயமும் இருக்கு. எல்லா லாரியும் ஒரே வரிசைல நின்னா வெங்காயத்துக்குப் பின்னாடி மீன் நிக்கும். கண்ணாடில நிற அட்டை ஒட்டச் சொல்லுங்க. சிவப்பு: பால், மீன், கீரை, கொத்தமல்லி, கருவேப்பிலை. மஞ்சள்: தக்காளி, பீன்ஸ், வெண்டை. பச்சை: வெங்காயம், உருளை, தேங்காய், சேனை, அரிசி. பச்சை ஒரு நாள் நின்னாலும் கெடாது. சிவப்பு அரை மணிக்கு மேல நிக்கக் கூடாது.

எல்லைமண்டி

காலி வண்டி சங்கதி எங்க வரைவுல இல்லவே இல்ல, சேர்த்துடறோம். நிற அட்டையும் நல்ல யோசனை.

நுண்ணுயிர் சார், கழுவக் கூடாதுன்னு சொன்னா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. வீட்டுல கழுவறதுக்கு அளவு போட்டுக் குடுங்க. காலி டப்பா தமிழ்நாட்டுக்குத் திரும்பப் போகும்போது அதை என்ன பண்றது? அப்புறம், மார்ச் ஏப்ரல்ல பாலக்காட்டு வெயில் 40 டிகிரியத் தொடுது, நிக்கற வண்டிக்கு என்ன செய்யலாம்?

நுண்ணுயிர்_கோவை

வீட்டுக்கு: முதலில் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவ வேண்டும். மண்ணும் இலைச்சாறும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இந்த முதல் கழுவல் முக்கியம். பிறகு 4 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு பன்னிரண்டரை மில்லி. அதுதான் 50 பிபிஎம். ஐந்து நிமிடம் ஊறவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாசனையோ நிறமோ சேர்த்த பிளீச் ஆகாது. சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கூடவே கூடாது, காயின் தோலில் தங்கிப் பேதியாகும்.

கூட்டு அடுக்களை போன்ற இடத்தில் 100 லிட்டர் தொட்டி வைத்தால் தேவை 5 கிராம் குளோரின். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 15 கிராம். ஆனால் கட்டியாகிப்போன பழைய மூட்டையில் 33 இருக்காது, திறந்து வைத்த மூட்டை வாரக்கணக்கில் வலுவிழந்துகொண்டே போகும். அதனால் கிராம் கணக்கை மட்டும் நம்பாமல் குளோரின் காட்டும் தாள்பட்டை வாங்கி வையுங்கள். பவுடரை நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நம் கிழக்குப் பக்கத்து போர் தண்ணீர் உப்புக்கரிக்கும், காரமும் அதிகம். பிஹெச் (அமில, காரத்தன்மை அளவு) 8ஐ எட்டினால் குளோரினில் கால்வாசிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 6.5க்கும் 7.5க்கும் நடுவில் இருப்பது நல்லது. இதைச் சரிக்கட்ட யாராவது கழிப்பறை ஆசிடைக் கலந்தால் விஷவாயு கிளம்பும், ஆள் செத்துப்போவார். இந்த வாக்கியத்தைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

காலி டப்பாவுக்கு: சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, அலசி, 200 பிபிஎம்மில் முக்கி, வெயிலில் கவிழ்த்துக் காய வையுங்கள். 100 லிட்டருக்கு 4 சதவீதத் திரவம் அரை லிட்டர். சணல் சாக்கைக் கழுவிப் பயனில்லை, வெயிலில் உலர்த்துவது ஒன்றுதான் வழி.

வெயிலுக்கு: காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அந்தச் சூடு உள்ளேயே சேர்கிறது. ஓடும்போது காற்று அதைக் கொண்டுபோகும். வண்டி நின்றதும் தார்ப்பாய்க்குள் அடைபடும். நடுவில் இருக்கும் கருவேப்பிலைக் கட்டு கையை வைத்தால் சுடும், மஞ்சளாகிக் கருத்துவிடும். நிறுத்தியதும் பக்கவாட்டுத் தார்ப்பாயை ஒரு முழம் தூக்கிக் கட்ட வேண்டும், மேல் தார்ப்பாய் அப்படியே நிழலுக்கு இருக்கட்டும். ஏற்றும்போதே டப்பா அடுக்குகளுக்கு நடுவே நீளவாக்கில் ஒரு கை நுழையும் சந்து விடச் சொல்லுங்கள். ஐஸ் கட்டியைத் தக்காளி மேல் போடுகிறவர்களும் உண்டு. தக்காளி 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் பிறகு பழுக்காது, ருசியும் வராது. ஐஸ் கீரைக்குப் போடலாம்.

பாலாய்வகம்

பாலுக்கு வருகிறேன். மீனாட்சிபுரத்தில் கேரள பால்வளத் துறையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, ஆரியங்காவிலும் பாறசாலையிலும் உண்டு. ஓணத்தின்போது நடக்கும் நெருக்கடிதான் தொற்றுக் காலத்திலும் நடக்கும், ஆனால் தலைகீழாக. ஓணத்தில் பால் போதாது. ஊரடங்கில் டீக்கடையும் ஹோட்டலும் மூடியதால் பால் மிஞ்சியது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் கேரளக் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மாவின் மலபார் ஒன்றியம் கொள்முதலையே ஒரு நாள் நிறுத்தியது, பிறகு தமிழ்நாடு பால்பொடியாக்க ஒத்துக்கொண்டதும் நிலைமை சரியானது. ஆக, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொடி ஆலையோடு முன்கூட்டியே எழுத்து உடன்பாடு வேண்டும். 1,000 லிட்டர் பசும்பாலில் சுமார் 85 கிலோ கொழுப்பு நீக்கிய பொடியும், 35 கிலோவுக்குச் சற்று மேல் நெய்யும் கிடைக்கும். உடன்பாடு போடும்போது வண்டிச் செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள், சண்டை அங்கேதான் வரும்.

கெடும் கணக்கு இது. குளிரூட்டாத கேன் பால் 32 டிகிரியில் நின்றால் பாக்டீரியா அரைமணிக்கொரு தரம் இரட்டிப்பாகும். இரண்டு மணி தாமதமானால் பதினாறு மடங்கு. 4 டிகிரிக்குக் குளிர்வித்து, காப்புள்ள டேங்கரில் ஏற்றிய பால் எல்லையில் நான்கைந்து மணி நேரம் நின்றாலும் தாங்கும். அதனால் தொற்றுக் காலத்தில் கேன் பாலை எல்லை தாண்ட விடாதீர்கள். சங்கத்துக் குளிர்கலனில் சேர்த்து டேங்கரில் மட்டும் அனுப்புங்கள்.

வந்த பாலில் என்ன பார்ப்பது? முதலில் வெப்பநிலை, 7 டிகிரிக்கு மேல் இருந்தால் தனியாக நிறுத்துங்கள். அடுத்து கொதிக்கவைத்துப் பார்ப்பது: சோதனைக் குழாயில் 5 மில்லி, கொதிநீரில் 5 நிமிடம், திரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். 68 சதவீத ஆல்கஹாலை சம அளவு கலந்து செதில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். வழியில் புளித்த பாலை வீணாக்க மனசு வராமல் சோடா உப்பு போட்டுச் சரிக்கட்டுவார்கள். அந்தப் பால் கொதிக்கவைத்தாலும் திரியாது, முதல் சோதனையில் தேறிவிடும். அதனால் ரோசாலிக் அமிலச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள்: 5 மில்லி பால், 5 மில்லி ஆல்கஹால், 1 சதவீத ரோசாலிக் அமிலம் சில சொட்டு. ரோஜா நிறம் வந்தால் சோடா, மங்கிய பழுப்பு என்றால் சரி. மெத்திலீன் நீலச் சோதனையிலும் சோடாப் பால் மாட்டும், அமிலத்தை மறைத்தாலும் பாக்டீரியா அங்கேதானே இருக்கிறது. ஆனால் அதற்கு நேரம் ஆகும், எல்லையில் வைத்துச் செய்ய முடியாது.

வண்டி நேரத்துக்குப் போனால் சோடா போடும் அவசியமே வராது. கலப்படத்தைப் பிடிக்க ஆள் போடுவதோடு நிற்காமல் சிவப்பு அட்டை வரிசையை வேகமாக நகர்த்துங்கள்.

ஐஸ்பெட்டி

மீனுக்கும் பால்காரர் சொன்ன அதே கதைதான். படகு கடலுக்குப் போகலைன்னா பக்கத்து மீன் வராது, தூரத்து மீன் வரும், பழசா வரும். 2018 ஜூன்ல வாளையாறுலயும் ஆரியங்காவுலயும் பார்மலின் (பிணத்தைக் கெடாம வெக்கற ரசாயனம்) போட்ட மீன் பிடிச்சாங்க. 2020 ஏப்ரல்ல ஊரடங்குக்கு நடுவுல ஆபரேஷன் சாகர் ராணின்னு மறுபடி சோதனை போட்டு டன் கணக்குல கெட்டுப்போன மீனை அழிச்சாங்க.

ஐஸ் கணக்கை எழுதிக்கங்க. 30 டிகிரில இருக்கற 100 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டு வரவே 32 கிலோ ஐஸ் கரைஞ்சு போகும். அப்புறம் வழிச் சூட்டுக்கு மீதி. அதனாலதான் ஒண்ணுக்கு ஒண்ணு, 100 கிலோ மீனுக்கு 100 கிலோ ஐஸ், அதாவது 50 கிலோ கட்டி ரெண்டு. உடைச்சுப் போடணும், அடில ஒரு அடுக்கு, மீன், ஐஸ், மீன், கடைசில மேல ஐஸ். பெட்டியோட வடிகால் ஓட்டையை அடைச்சு வெக்காதீங்க, கரைஞ்ச தண்ணில ஊறுனா சீக்கிரம் கெடும். எல்லைக்கு அஞ்சு பத்து கிலோமீட்டருக்குள்ள ஒரு ஐஸ் ஆலையாவது ஊரடங்குல ஓடணும்னு தாள்ல எழுதுங்க. 2020ல ஐஸ் ஆலைய யாரும் அத்தியாவசியமா முதல்ல யோசிக்கல.

மத்தி, அயிலை, சூரை மூணுலயும் இன்னொரு ஆபத்து. சூட்டுல நின்னா ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வெச்சாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு. மூக்குல வெச்சு மோந்து கண்டுபிடிக்கவும் முடியாது. வெப்பமானி ஒண்ணுதான் காவல்.

பார்மலினுக்கும் அமோனியாவுக்கும் கொச்சி மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனத்தோட தாள்பட்டை இருக்கு. மீன் மேல தேச்சு, மருந்துச் சொட்டு விட்டு, அட்டை நிறத்தோட ஒத்துப் பாக்கணும். ஒரு எச்சரிக்கை: நாளா உறைஞ்சு கெடந்த சில கடல்மீன்ல பார்மால்டிஹைடு தானாவே கொஞ்சம் வரும். பட்டை நிறம் மாறுச்சுன்னு வியாபாரியை அடிக்கப் போகாம மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்க.

லாரிபுக்கிங்

நுண்ணுயிர் சார், ஒரு சந்தேகம். சீனாவுல இந்தியாவோட உறைமீன் பெட்டி மேல வைரஸ் இருந்துதுன்னு எறக்குமதிய நிறுத்துனாங்களே. அப்ப பெட்டி வழியா வரும்னுதானே அர்த்தம்?

நுண்ணுயிர்_கோவை

நல்ல கேள்வி தம்பி. உறைகுளிரில் வைரஸ் நெடுநேரம் தங்கும், அதனால் பெட்டி மேல் அதன் மரபுத்துணுக்கு கிடைத்தது உண்மையாகவே இருக்கலாம். துணுக்கு கிடைப்பது வேறு, அதனால் ஒருவருக்கு நோய் வருவது வேறு. பெட்டி இறக்குபவர் கைகழுவிவிட்டு முகத்தைத் தொட்டால் அந்தச் சின்ன வாய்ப்பும் போய்விடும்.

குளிர்க்கிடங்கில் பெரிய ஆபத்து அங்கே வேலை செய்பவர்கள்தான். 2020 ஜூனில் ஜெர்மனியில் டொன்னிஸ் இறைச்சி ஆலையில் 1,500 பேருக்கு மேல் தொற்றியது: மூடிய குளிர் அறை, உள்ளுக்குள்ளேயே சுற்றும் காற்று, இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசும் பேச்சு. நம் கோழி வெட்டும் கூடத்துக்கும் இது பொருந்தும். கோயம்பேட்டிலும் கூட்டம்தான் காரணம். 2020 மே 5ல் மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய சந்தை ஒரே இரவில் நிற்கும்போது விளைவித்தவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே இருந்த ஒரே கதவு மூடிப்போகிறது. வேலந்தாவளம் சந்தைக்கு இப்போதே எழுதிவையுங்கள்: தொற்று தொடங்கியதும் சில்லறை விற்பனை முதலில் வெளியே போக வேண்டும், பள்ளி மைதானம், பேருந்து நிலையம் என்று மூன்று நான்கு இடத்துக்கு. மொத்த வியாபாரம் பாதிப் பாதிக் கடையாக ஒன்றுவிட்டு ஒருநாள். சுமட்டுத் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, குழு மாறும்போது ஒருவரை ஒருவர் சந்திக்காமல் அரை மணி இடைவெளி. ஒரு குழுவுக்குத் தொற்று வந்தாலும் மற்றது ஓடும்.

கூட்டுஅடுக்களை

சமைத்த சாப்பாட்டை எல்லோரும் மறந்துட்டீங்க. 2020ல கேரளாவில் ஊராட்சிதோறும் சமூக அடுக்களை திறந்தாங்க, குடும்பஸ்ரீ (கேரளாவின் பெண்கள் சுயஉதவிக் குழு) அக்காக்கள்தான் பெரும்பாலும் நடத்தினது. எல்லையில் காத்துக் கிடக்கும் ஓட்டுநர்களுக்கும் அங்கிருந்துதான் பொதி போகணும்.

நூறு பேருக்கு மட்டை அரிசி 13 முதல் 15 கிலோ. ஆபத்து எங்கேன்னா, அதிகாலை வடித்து மதியம் வரை அண்டாவில் மூடி வைப்பது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியில் சாகாது, சோறு வெதுவெதுப்பானதும் முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய அண்டா சாம்பாரிலும் இப்படி ஒன்று வளரும். 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீங்க. பொதியும்போது 65க்கு மேல் இருக்கணும், பொதிந்த நேரத்தைப் பேனாவில் பொதி மேலேயே எழுதணும், இரண்டு மணிக்குள் கையில் சேரணும், நான்கு மணி தாண்டினது குப்பைக்கு. ஒரே தடவை 500 பொதி போடாமல் வார்டு வார்டாக நூறு நூறாகச் சமையுங்க. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் பொதியில் வேண்டாம். சோறு, சாம்பார், உப்பேரி (பொரியல்), ஊறுகாய் போதும்.

வாந்தி பேதி வந்தவர், அது நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுக்களைக்கு வரக் கூடாது. அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்துடுங்க. கொடுக்காவிட்டால் மறைத்துக்கொண்டு வருவாங்க, அவங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லைமண்டி

இன்னும் ரெண்டு கேள்வி மட்டும் பாக்கி. நிபா வந்தா இதே தாள் போதுமா? எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா கள்ளுக்குப் பேர்போனது, அதனால கேக்கறேன்.

நுண்ணுயிர்_கோவை

போதாது. நிபாவில் உணவும் ஒரு வழி. பழந்தின்னி வௌவால் கடித்த பழம், அது நக்கிய பானை. வங்கதேசத்தில் பச்சை ஈச்சம் பதநீர் குடித்துத்தான் திரும்பத் திரும்ப வந்தது. அங்கே மூங்கில் தட்டி கட்டிப் பானையை மூடினார்கள், வௌவால் அண்டுவது குறைந்தது. இங்கும் நிபா அறிவிப்பு வந்த நாளிலிருந்து கள்ளுப் பானை வாய்க்கும் பாளைக்கும் சேர்த்து வலை கட்டச் சொல்லுங்கள். புளித்துவிட்டால் வைரஸ் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கடித்த தடம் உள்ள கொய்யா, மாம்பழம், சப்போட்டாவை மண்டியில் பொறுக்கும் ஆள் கையுறை போட்டுப் பொறுக்கி, குழியில் புதைக்கணும், ஆட்டுக்கும் பன்றிக்கும் போடக் கூடாது. 2018ல் கோழிக்கோட்டு நிபாவின்போது வளைகுடா நாடுகள் கேரளப் பழம் காயை நிறுத்தின. அப்படி ஏற்றுமதி நின்றால் அந்தச் சரக்கு உள்ளூர்ச் சந்தையில் குவியும், விலை விழும். அதற்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

எல்லைமண்டி

சரிங்க சார். கடைசியா ஒண்ணு: டப்பா கழுவுன குளோரின் தண்ணிய எங்க விடறது? சந்தைக்குப் பின்னாடி ஓடற வாய்க்கால் நேரா வயலுக்குப் போகுது.

நுண்ணுயிர்_கோவை

நேரே விடாதீர்கள். திறந்த தொட்டியில் ஒரு பகல் வெயில் படட்டும், மறுநாள் தாள்பட்டை வைத்துப் பாருங்கள், நிறம் வரவில்லை என்றால் திறந்துவிடலாம். சோப்புத் தண்ணீரைத் தனியாக உறிஞ்சுகுழிக்கு விடுங்கள். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி அந்தக் குழி இருக்கட்டும்.